தோல் படிக்கும் விரல்

"அக்கா, கஜ்ஜி நாயி பந்திதே!" என்று வாசலில் இருந்தே குரல் கொடுத்தான் பையன். சொறிநாய் வந்திருக்கிறதாம். அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில், நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி அனுப்பும் கடை வைத்திருக்கிறேன். சொறி பிடித்த நாயை டேபிளில் ஏற்றுவதில்லை என்பது கடையில் நான் போட்ட முதல் சட்டம். அடுத்து வரும் நாய்க்கு ஒட்டிக்கொள்ளும். கையைத் துடைத்தபடி, திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் வெளியே வந்தேன்.

2017 டிசம்பர், ஒரு சனிக்கிழமை காலை. பனி இன்னும் விலகவில்லை. ஒரு இளம்பெண் துண்டில் சுற்றிய நாயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். துண்டுக்கு மேலே வெள்ளை முடி கற்றையாகச் சரிந்து விழும் தலை மட்டும் தெரிந்தது. துண்டை விலக்கினாள். கழுத்துக்குக் கீழே முடியே இல்லை. இளஞ்சிவப்பும் சாம்பலும் திட்டுத் திட்டாகக் கலந்த வெறும் தோல். மறுபடியும் பாதத்தில் சாக்ஸ் போட்ட மாதிரி முடி, வால் நுனியில் சாமரம் மாதிரி முடி.

"வியாதி இல்லக்கா. பிறவியே இப்படித்தான். சைனீஸ் க்ரெஸ்டட்" என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். அவள் குரலில் களைப்பு இருந்தது. இந்த வாக்கியத்தைப் பலரிடம் சொல்லி அலுத்திருந்தாள். அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி லிஃப்டில் ஏற்ற விடவில்லை. இரண்டு கடைகளில் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். கணவருக்கு வேலை மாற்றலாகி ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த குடும்பம், மூன்று வருடமாகக் கூடவே வளர்ந்த நாயையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தது. பெயர் மிமி.

அந்த இனத்தின் பெயரை நான் படித்திருந்தேன், படமும் பார்த்திருந்தேன். பதின்மூன்று வருடத் தொழிலில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. லேப்ரடார், ஷிட்ஸு, காக்கர் ஸ்பேனியல், இப்போது ஊரெல்லாம் ஹஸ்கி. என் வேலை முழுக்க முடியோடுதான். சிக்கு எடுப்பது, அடிமுடி வாருவது, ப்ளோயரில் காயவைப்பது. தோல் என்பது முடிக்கு அடியில் இருக்கும் ஏதோ ஒன்று. வெறும் தோலுக்கு மிகப் பக்கத்தில் நான் போனது நம்ம ஊர் ராஜபாளையம் நாயிடம்தான். பால்வெள்ளை முடி தண்ணீரில் நனைந்ததும் அடியிலிருக்கும் ரோஸ் தோல் தெரியும். அதைப் பார்க்கும்போது குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்தது மாதிரி இருக்கும். ஆனால் அங்கேயும் முடி இருக்கிறது. பிரஷ்ஷுக்கு வேலை இருக்கிறது.

மிமியைக் கையில் வாங்கினேன். சுட்டது.

"ஜுரம் அடிக்குதேம்மா!"

அவள் சிரித்தாள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 38.6 டிகிரி செல்சியஸ். ஆரோக்கியமான நாய்க்கு 38.3 முதல் 39.2 வரை இருக்கும். எல்லா நாயும் நம்மைவிடச் சூடுதான். முடி நடுவில் நிற்பதால் நம் கைக்கு எட்டுவதில்லை. முடியை எடுத்துவிட்டால் சூடு நேராகக் கைக்கு வந்துவிடுகிறது. பதின்மூன்று வருடமாக இந்தச் சூட்டைத்தான் பிரஷ்ஷால் வாரிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சட்டத்தை ஒரு நாளைக்கு மட்டும் தளர்த்தி மிமியை டேபிளில் ஏற்றவில்லை. நன்றாகப் பார்த்தபிறகு, அந்தச் சட்டம் அவளுக்குப் பொருந்தவே இல்லை என்று தெரிந்துதான் ஏற்றினேன். சொறிபிடித்த தோல் தடித்திருக்கும், பொருக்குத் தட்டும், புளித்த வாடை வீசும், நாய் ஓயாமல் சொறியும். மிமியின் தோல் இழுத்துவிட்டால் உடனே போய் உட்கார்ந்துகொண்டது. வாடை இல்லை. அவள் பாட்டுக்கு என் மணிக்கட்டை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த இனத்துக்கு விரல்கள் நீளம், முயல் பாதம் என்பார்கள். அந்தப் பிடியை விட்டுக் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை பாட்டியும் கூட வந்தார். அந்தப் பெண்ணின் மாமியாருக்கு அம்மா; அம்பாசமுத்திரம் பக்கம். எண்பதைத் தொடும் வயது. பேரன் வீட்டோடு இருக்கலாம் என்று பெங்களூருக்கு வந்தவர். முதல் வாரம் முழுக்க மிமியைத் தொடவே இல்லையாம். டேபிளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் செய்வதையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னார்:

"ஏ பிள்ள, தலையில மட்டும் முடி, உடம்புல ஒண்ணுமில்ல. நம்மள மாதிரில்லா இருக்கா இவ!"

எந்தக் குரூமிங் வகுப்பிலும் எனக்கு இத்தனை உபயோகமான ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதுவரை நான் மிமியை முடி இல்லாத நாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதைக் குறைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்றே யோசனை ஓடியது. பாட்டி சொன்னபிறகு, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். ஷவரை ஓரமாக வைத்துவிட்டு மக்கை எடுத்தேன். தண்ணீரின் சூட்டை மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்த்தேன். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். ப்ளோயர் தலைமுடிக்கும் வாலுக்கும் மட்டும்தான், அதுவும் சூடில்லாத காற்று.

இந்த நாய்களைப் பற்றி வெளியே தெரியாத ஒரு சங்கதி: படத்தில் பளிங்கு மாதிரி தெரியும் உடம்பில் பாதி, ரேஸர் போட்ட உடம்பு. பெரும்பாலானவற்றுக்கு முதுகுத்தண்டு ஓரத்திலும் விலாவிலும் மெல்லிய முடி முளைத்துக்கொண்டுதான் இருக்கும். டாக் ஷோவுக்குக் கொண்டுபோகிறவர்கள் மழுக்க வழித்துவிடுவார்கள். மிமிக்கும் முதுகோடு ஒரு கோடு முடி உண்டு. நானும் ஆரம்பத்தில் 40-ஆம் நம்பர் பிளேடு மாட்டி ஒட்ட எடுத்தேன். மறுநாள் அந்த இடம் முழுக்கச் சிவந்து, சிறு சிறு பருவாகத் தடித்துவிட்டது. இப்போது 10-ஆம் நம்பர் பிளேடுதான். ஒன்றரை மில்லிமீட்டர் முடி மிச்சமிருக்கும், தோலுக்கு ஒன்றும் ஆகாது. படத்தில் இருக்கிற மாதிரி இல்லையே என்று யாராவது கேட்டால், இது அவளுடைய உடம்பு என்று சொல்வேன்.

பிளேடாவது ஒரு நாளோடு போயிற்று. தேங்காய் எண்ணெய் விஷயத்தில் நான் செய்தது பெரிய தவறு. மிமியை ஒருவழியாக மடியில் ஏற்றிக்கொண்டபிறகு பாட்டி என்னிடம் கேட்டார்: "தோல் வறண்டு கெடக்கே, தேங்கா எண்ண தேச்சா நல்லதுதான?" யோசிக்காமல் "நல்லதுதான் பாட்டி" என்றேன். அவரும் அக்கறையாகத் தினமும் காலையில் ஒரு கை எண்ணெய் வைத்து முதுகெல்லாம் நீவிவிட்டார். மூன்றாவது வாரம் மிமி வந்தபோது முதுகில் கடுகு இறைத்த மாதிரி கரும்புள்ளிகள். இரண்டு இடத்தில் பழுத்திருந்தது. பாட்டி முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கேட்டது அவர், சொன்னது நான்.

வழக்கமாக நான் கலந்து பேசும் கால்நடை மருத்துவர் உட்காரவைத்து விளக்கினார். முடி இல்லையே தவிர, முடி முளைக்க வேண்டிய குழிகள் இந்தத் தோலில் இருக்கின்றன. சரியாக உருவாகாத குழிகள். முடி வெளியே வராமல் உள்ளேயே நின்றுபோகும். உதிரும் செதிலும் தோலில் ஊறும் கொழுப்பும் அந்தக் குழிக்குள் அடைத்துக்கொண்டால் கரும்புள்ளி. கிருமி சேர்ந்தால் பரு. சாதாரண நாயின் உடம்பில் முடி வளர்கிறபோதே குழியின் கழிவையும் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. இங்கே தள்ள ஆள் இல்லை. அதன் வாயில் போய் நாம் எண்ணெயை வைத்து மூடிவிட்டோம். "நகத்தால் பிதுக்கிடாதீங்க" என்றார். பிதுக்கினால் வெளியே வருவதைவிட உள்ளே வெடிப்பதுதான் அதிகம்.

மருந்து ஷாம்பு எழுதிக்கொடுத்தார். நுரையைப் பத்து நிமிடம் தோலில் ஊறவிட வேண்டும். முடி உள்ள நாயென்றால் பத்து நிமிடத்தில் பாதி நேரம் நுரை தோலைப் போய்ச் சேர்வதற்கே ஆகும். மிமிக்கு முதல் நொடியிலேயே தோல்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் அவளைப் பிடித்தபடி, மறு கையின் விரல் நுனியால் ஒவ்வொரு புள்ளியாகச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பேன். அழுத்தம் கூடாது. கண் இமையை நாமே தடவிக்கொள்ளும்போது எவ்வளவு அழுத்துவோமோ அவ்வளவுதான். கழுவி ஒற்றியபிறகு, பிசுபிசுப்பில்லாத லோஷன் ஒரு மொச்சை அளவு. உடம்பு முழுவதற்குமே அது போதும். ஆறு வாரத்தில் முதுகு தெளிந்தது. பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் முழங்காலுக்கு மாற்றிக்கொண்டார்.

முழங்கால் என்றதும் இன்னொன்று. பாட்டிக்கு மூட்டுவலி. பெங்களூர் மார்கழிக் குளிர் ராத்திரியில் 15 டிகிரிக்கு இறங்கும்போது வலி உயிரை எடுக்கும். ஒருநாள் மிமி தானாக வந்து அவர் முழங்கால் மேல் படுத்திருக்கிறாள். "வெந்நீர்ப் பை வச்ச மாதிரி இருந்துச்சு பிள்ள. பை ஆறிப்போகும், இவ ஆறவே மாட்டா" என்றார். அன்றிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குமேல் மிமி பாட்டி கணக்கு.

அவருக்கு மெக்சிகோவைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் மெக்சிகோவின் முடியில்லாத நாயான ஷோலோவை அங்கே கிராமத்துப் பாட்டிமார் காலங்காலமாக இதற்குத்தான் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கிறார்கள். மூட்டுவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒற்றடம் கொடுக்கும் நாய். முழுப்பெயர் ஷோலோயிட்ஸ்குயின்ட்லி, ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் ஷோலோட்ல் என்ற தெய்வத்தின் பெயரும் நாய் என்ற சொல்லும் சேர்ந்தது. செத்தவர்களின் உயிரைப் பாதாள உலகத்து ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய் விடுவது நாயின் வேலை என்பது அவர்கள் நம்பிக்கை. நம்மூர்ச் சிவன் கோயில்களில் பைரவர் பக்கத்தில் நாய் நிற்கிறது, தருமரின் கடைசி நடையில் நாய் கூடவே போகிறது. வழித்துணைக்கு நாயை நினைத்த மனிதர்கள் கடலுக்கு இந்தப் பக்கமும் இருந்தார்கள், அந்தப் பக்கமும் இருந்தார்கள். மெக்சிகோவின் மேற்குக் கரையில் கொலிமா பகுதிக் கல்லறைகளில், சுமார் இரண்டாயிரம் வருடம் பழைய சுடுமண் நாய்கள் கிடைத்திருக்கின்றன. கொழுகொழுவென்ற வயிறு, நிமிர்ந்த காது, வழவழத்த செம்மண் உடம்பு. படத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, அந்தக் குயவனின் விரல் அந்த வயிற்றை எப்படி நீவியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

ஸ்பானியர்கள் வந்தபிறகு இந்த நாய்கள் அருகிப்போயின. மலைக் குக்கிராமங்களில் மட்டும் மிஞ்சின. 1954-ல் நார்மன் பெலாம் ரைட் என்ற ஆங்கிலேயரின் குழு மெக்சிகோவின் உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போய், எஞ்சியிருந்த நல்ல நாய்களைத் தேடிச் சேர்த்தது. இன்று அங்கே இருக்கும் ஷோலோக்களுக்கு அந்தச் சில நாய்கள்தான் வேர். ஓவியர் ஃப்ரீடா காலோ தன் வீட்டில் ஷோலோக்களை வளர்த்தார், 1949-ல் வரைந்த ஓவியம் ஒன்றில் தன் செல்ல நாயையும் படுக்கவைத்தார். 'கோகோ' படத்தில் நாக்கு தொங்க ஓடும் டான்டே இந்த இனம்தான். பெருவிலும் முடியில்லாத நாய் உண்டு. பழைய மோச்சே மக்களின் மண்பாண்டங்களில் அதன் உருவம் இருக்கிறது. 2001-ல் அந்த நாட்டு அரசு அதைத் தேசியச் சொத்தாகவே அறிவித்தது.

அப்படியென்றால் மிமியின் பெயரில் இருக்கும் சீனா எங்கிருந்து வந்தது? சீனக் கப்பல்களில் எலி பிடிக்க வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆதாரம் கிடையாது. 2008-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு மெக்சிகோ, பெரு, 'சீன' நாய்கள் மூன்றின் மரபணுவையும் பிரித்துப் பார்த்தது. மூன்றிலும் ஒரே இடத்தில், ஒரே பிழை. 17-ஆம் குரோமோசோமில் ஃபாக்ஸ்-ஐ-3 என்ற மரபணுவில் ஏழு எழுத்துகள் இருமுறை எழுதப்பட்டிருக்கின்றன. எப்போதோ ஒரு காலத்தில் ஒரே ஒரு குட்டியிடம் நடந்த எழுத்துப் பிழை, கண்டம் கடந்து இன்றைக்குப் பெங்களூரில் ஒரு பாட்டியின் முழங்காலைச் சூடாக்குகிறது.

கருவில் உடம்பின் வெளிப்படலத்திலிருந்து உருவாகிறவை தோல், முடி, பல். இந்த மரபணு அங்கே வேலை செய்வது. அதனால் முடி போகிற இடத்தில் பல்லும் போகும். முதல் நாளே மிமியின் உதட்டைத் தூக்கிப் பார்த்திருந்தேன். கடைவாய்க்கு முன்னால் இருக்க வேண்டிய பற்கள் அநேகமாக இல்லை. கோரைப் பல் கீழ்நோக்கி இறங்காமல் சின்னத் தந்தம் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ சரியாக வளர்க்கவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். முடியில்லாத நாய்களுக்குப் பல் குறையுள்ளதாக இருக்கும் என்பதை 1859-லேயே டார்வின் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் குறித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தபோது, மனசுக்குள் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டேன்.

இந்தப் பிழையில் ஒரு கடுமை உண்டு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி வந்துவிட்டால் அந்தக் கரு பிழைக்காது. பிறப்பதற்கு வெகு முன்பே கரைந்துவிடும். ஆகவே உலகத்தில் உயிரோடு இருக்கும் இந்த வகை நாய் ஒவ்வொன்றும் ஒரு பிரதிப் பிழையும் ஒரு பிரதிச் சரியுமாகத்தான் இருக்கிறது. இரண்டு முடியில்லாத நாய்கள் சேர்ந்தால் நாலில் ஒரு பங்கு கருவிலேயே போகும், இரண்டு பங்கு முடியில்லாமல் பிறக்கும், ஒரு பங்கு உடம்பெல்லாம் பட்டு முடியோடு, பல் வரிசையோடு பிறக்கும். அந்த முடிக்குட்டிக்குப் பவுடர்பஃப் என்று பெயர். அதுவும் சுத்தமான சைனீஸ் க்ரெஸ்டட்தான். 'கலப்பு' என்று நினைத்து அதை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முடியோடு பிறக்கும் குட்டி இல்லாமல் இந்த இனத்தை வளர்க்கவே முடியாது என்று கணக்கே சொல்கிறது.

அமெரிக்காவின் லூசியானாவில் 1972-ல் ரேட் டெரியர் ஈற்று ஒன்றில் தற்செயலாகப் பிறந்த முடியில்லாத குட்டியிலிருந்து இன்னொரு இனம் வந்தது. அதன் பிழை வேறு மரபணுவில். அதற்குப் பல் முழுசாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் மொட்டை. உள்ளே வழி வேறு வேறு.

பெங்களூர் வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்ச் மாதத்தில்கூடக் காற்று வீசிக்கொண்டிருக்கும், வெயில் சுடுவது உறைக்காது. சென்னையில் பதினொரு மணிக்கு நாயை வெளியே கூட்டிக்கொண்டு போகத் தோன்றாது, இங்கே தோன்றும். காற்று குளிர்ச்சியாக இருப்பதற்கும் வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிருக்கும் சம்பந்தமில்லை. உயரம் கூடினால் கதிர் கூடத்தான் செய்யும். 2018 மார்ச்சில் கப்பன் பார்க்கில் ஒரு ஞாயிறு முழுக்க விளையாடிவிட்டு வந்த மிமிக்கு, மறுநாள் ரோஸ் திட்டுகள் எல்லாம் கன்றிப்போய், தொட்டால் உதறினாள். சாம்பல் திட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறமி இருக்கிற தோல் தன்னைக் காத்துக்கொள்கிறது, இல்லாத தோல் வெந்துபோகிறது. ஒரே முதுகில் இரண்டும் அடுத்தடுத்து வரைபடம் மாதிரி தெரிந்தது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய மல் துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

நம் சன்ஸ்கிரீனை எடுத்துத் தடவிவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். கூடாது. பலவற்றில் ஜிங்க் ஆக்சைடு இருக்கும். நாய் நக்கி நக்கி உள்ளே போனால் ரத்தத்துக்கு ஆபத்து. நாய்க்கென்று வருவதைத்தான் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதைவிட நல்ல வழியைப் பாட்டி கண்டுபிடித்தார். பழைய சுங்குடிச் சேலையைக் கொடுத்து, சிவாஜிநகரில் ஒரு டெய்லரிடம் நாலு சட்டை தைத்து வாங்கினார். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன பருத்தி. கம்பளி ஸ்வெட்டர் இந்தத் தோலை அரிக்கும். குளிர்காலத்திலும் இரண்டு பருத்திச் சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். மதுரைப் புள்ளிச் சேலையில் மிமி அல்சூர் சந்துக்குள் நடந்து வரும்போது, லிஃப்டில் ஏற்ற மறுத்தவர்களும் நின்று பார்த்திருப்பார்கள்.

பார்ப்பவர்கள் எல்லோரும் அன்பாகப் பார்ப்பதில்லை. கலிபோர்னியாவில் உலகத்திலேயே அவலட்சணமான நாய்க்கு வருடாவருடம் பரிசு கொடுக்கிறார்கள். 2003 முதல் 2005 வரை மூன்று முறை தொடர்ந்து ஜெயித்த சாம் என்ற நாய் மிமியின் இனம். அதற்குப் பிறகும் இந்த இனம் அந்த மேடையில் அடிக்கடி ஏறியிருக்கிறது. நாயை நேசிக்கிறவர்கள்தான் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்தாலும் அந்தப் படங்களை என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடிவதில்லை. அந்த நாய்களின் தோலில் எனக்குத் தெரிவது கரும்புள்ளியும் வயசான திட்டும் வெயில் பட்ட தடமும். யாராவது உட்கார்ந்து பத்து நிமிடம் நுரை ஊறவிட மாட்டார்களா என்று இருக்கும்.

மிமி வர ஆரம்பித்தபிறகு எனக்குப் போன்கள் வருகின்றன. "மேடம், வீட்ல ஆஸ்துமா இருக்கு. முடி கொட்டாத நாய் இருக்காமே, எங்க கிடைக்கும்?" ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்கிறேன். அலர்ஜி வருவது முடியால் மட்டும் இல்லை. நாயின் எச்சிலிலும் உதிரும் செதிலிலும் இருக்கும் புரதத்தால் வருகிறது. முடியில்லாத நாய்க்கும் எச்சில் உண்டு, செதில் உண்டு. வாங்குவதற்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள். முடி இல்லாததால் வேலை குறையும் என்று நினைப்பவர்களிடம், என் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்வேன். ஒரு லேப்ரடாருக்கு முக்கால் மணி நேரம். ஐந்து கிலோகூட இல்லாத மிமிக்கு ஒன்றேகால் மணி. தவிர, வணிக இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதை 2016 ஏப்ரலில் மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது. இங்கே இருக்கிற விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்களை ஒன்றோடொன்று சேர்த்துக் குட்டி எடுத்து விற்பவரிடம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். இரண்டு பிரதி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப்பாருங்கள். விற்கிறவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

2019 மழைக்காலத்தில், மிமியைக் கஜ்ஜி நாய் என்று கூப்பிட்ட அதே பையன் மர்ஃபி டவுன் தெருவிலிருந்து ஒரு குட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். இது நிஜமான கஜ்ஜி. காது ஓரமும் முழங்கையும் யானைத்தோலாகத் தடித்திருந்தது. கடைக்குள் விடாமல் நேராக மொட்டை மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கையுறை மாட்டிக்கொண்டு, மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி காதின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தேன். குட்டியின் பின்னங்கால் அந்தரத்தில் தானாகச் சொறிய ஆரம்பித்தது. சொறி உண்ணி இருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். மனிதர் மேலும் சில நாள் ஏறி அரிப்பெடுக்க வைக்கும். மருந்து மருத்துவர் கொடுத்தார், குளிப்பாட்டுவது எங்கள் வேலை. மிமிக்கு ஊறவைக்கிற அதே பத்து நிமிடம், அதே மக், அதே மணிக்கட்டுச் சூடு. முன்பானால் இப்படிப்பட்ட தோலில் ஷாம்புவை ஊற்றிப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்திருப்பேன். பையன் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஐந்தாவது வாரம் குட்டியின் விலாவில் கையுறையைக் கழற்றிவிட்டு விரலின் பின்பக்கத்தால் தடவி, "அக்கா, பூனை முடி மாதிரி வருது" என்றான். காப்பிக் கலரில் வந்தது முடி. காப்பி இப்போது அவன் வீட்டில் இருக்கிறது.

மிமிக்கு இப்போது பதினொரு வயது. இன்னும் மூன்று பல் போயிற்று. பாட்டி தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவார், உப்பு போடாமல். வெயில் காலத்தில் அவளுடைய சாம்பல் திட்டு கறுக்கிறது, மார்கழியில் வெளுக்கிறது. அவள் தோலுக்கென்று என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நாயின் உருவத்தை இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி பென்சிலால் வரைந்து, புதிதாகத் தெரிகிற புள்ளியைத் தேதியோடு குறித்துவைப்பேன். கரும்புள்ளிக்குச் சின்ன வட்டம், சிவந்ததற்குப் பெருக்கல் குறி, மருவுக்கு முக்கோணம். எட்டு வருடத்தில் ஏழாவது நோட்டு ஓடுகிறது.

போன சனிக்கிழமை நடுவில் கரண்ட் போய்விட்டது. நுரையோடு நின்றாள் மிமி. பையன் செல்போன் டார்ச்சை எடுத்து வரப் போனான். அதற்குள் என் விரல் கழுத்தில் ஆரம்பித்து வழக்கமான வரிசையில் தோள், விலா, அக்குள் என்று இறங்கிக்கொண்டிருந்தது. இடது அக்குளுக்குச் சற்றுக் கீழே, போன வாரம் இல்லாத ஒன்று தட்டுப்பட்டது. கேழ்வரகு அளவு. கெட்டியாக இருந்தது, தோலோடு சேர்ந்து நகர்ந்தது, அழுத்தியபோது அவள் இழுத்துக்கொள்ளவில்லை. டார்ச் வந்தபிறகு பார்த்தால் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. நோட்டில் அந்த இடத்தில் முக்கோணம் போட்டு, தேதி எழுதி, பக்கத்தில் 'டாக்டரிடம் காட்ட வேண்டும், திங்கள்' என்று எழுதினேன். பாட்டி ஸ்டூலில் இருந்தபடியே, "என்ன பிள்ள, எழுதுத?" என்றார். அவர் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தேன்.